முதுகுக்குப் பின்னால் நீட்டிய கை

விளையாட்டு வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பிலிருந்து பயிற்சி மைதானத்துக்குப் போகும் பேருந்தில் தினமும் ஒரு கூத்து நடக்கும். ஓட்டப் பயிற்சி தரும் மாஸ்டர் முன்படியில் நின்று, கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரத்தை உருட்டிக்கொண்டே, "எண்ணுங்க" என்பார். நாட்டின் பெண்கள் தொடர் ஓட்ட அணி எண்ண ஆரம்பிக்கும்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"அஞ்சு."

"நாலு."

அதே பேருந்தில் வந்த மல்யுத்தக்காரர்கள் முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் ஓட அனுப்பியிருக்காங்கப்பா!" என்றார் ஒருவர். மறுநாள் யாரோ அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு 'ரெண்டு'க்கும் 'அஞ்சு'க்கும் நடுவில் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் அத்தனை தடியர்களும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அந்த அணியில் யாரையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் ஓடுகிறவள் ஒண்ணு, அடுத்தவள் ரெண்டு, வளைவில் ஓடுகிறவள் மூணு, கடைசியாக ஓடிக் கோட்டைத் தொடுகிறவள் நாலு. யாருக்காவது கால் பிசகினால் ஓடுவதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் அஞ்சு. மூணும் நாலும் கூடப் பிறந்தவர்கள். மூணு பெரியவள், நாலு சின்னவள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வளைவில் எவராலும் முந்த முடியாத அந்த மூணு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எல்லாரையும் முந்திக்கொண்டு போய்விட்டாள்.

மூணின் இடத்துக்கு அஞ்சு வந்தாள். இடத்துக்குத்தான் வந்தாள், எண்ணுக்கு வரவில்லை. "இனிமே நீதான் மூணு" என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் எழவில்லை. நாலுக்கு மனசு எழவில்லை. தானாகக் கேட்க அஞ்சுக்குத் துணிச்சல் இல்லை. புதிதாக ஒரு அஞ்சைத் தேடிப் பிடிக்க நேரமும் இல்லை. ஆகவே நாலு பேராகவே விமானம் ஏறினார்கள். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, நாலு.

இந்த ஓட்டத்தில் ஓடுவதைவிடக் கொடுத்து வாங்குவதுதான் பெரிய காரியம். பேட்டன் என்கிற குட்டைக் கோலைக் கொண்டு வருகிறவள் பாய்ந்து வந்து கத்துவாள். வாங்குகிறவள் ஓடிக்கொண்டே, திரும்பாமல், கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டுவாள். திரும்பிப் பார்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு பார்வைக்குள் பக்கத்துத் தடத்துக்காரி போயே போய்விடுவாள். அதனால் வாங்குகிறவளுக்குக் கண் கிடையாது. காது உண்டு, உள்ளங்கை உண்டு. எட்டு அணிகளும் ஒரே நேரத்தில் கத்தும்போது குழம்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஜோடியும் தனக்கென்று ஒரு கூப்பாட்டை வைத்துக்கொள்ளும்.

அக்காளின் கூப்பாடு "இந்தாடி!" என்பது. அது மைதானத்தில் பிறந்ததல்ல. வீட்டில் தட்டு, சீப்பு, பாடப் புத்தகம், முதுகில் அடி என்று தங்கைக்குக் கொடுக்க வேண்டிய எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் கொடுத்தாள். அஞ்சோ மரியாதை தெரிந்த பெண். அவளுடைய கூப்பாடு "அக்கா, கை!"

குடியிருப்புக்கு வந்த மறுநாள் காலை நாலு குளித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் சோப்பு. அறைத்தோழி பக்கத்தில் இருக்கிற ஞாபகத்தில் கையைப் பின்னால் நீட்டினாள். துண்டு வந்தது. முகத்தைத் துடைத்த பிறகுதான் யோசித்தாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. துண்டு மாட்டும் கொக்கி கதவுக்கு வெளிப்பக்கம்.

நாலு அலறவில்லை. அக்காள் எப்போதும் முதலில் தான் துடைத்துக்கொண்டுதான் துண்டைத் தருவாள். அதற்காக இருவருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. நாலு தன் முகம் படாத முனையைத் தேடித் தொட்டுப் பார்த்தாள்.

ஈரமாகத்தான் இருந்தது.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்பூன் எடுக்க மறந்துபோய், பேச்சு மும்முரத்தில் கையைப் பின்னால் நீட்டினாள். ஸ்பூன் வந்தது. "தேங்க்ஸ்" என்றாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஒண்ணு மெல்லுவதை நிறுத்தினாள். "யாருக்குடி தேங்க்ஸ்? உனக்குப் பின்னாடி சுவர்தானே இருக்கு?"

"சுவருக்குத்தான்" என்றாள் நாலு. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளே எங்கோ, அக்காளுக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து கட்டிப்போய்க் கிடந்த ஒன்று இளகிற்று.

துண்டும் ஸ்பூனும் கொடுப்பதோடு அக்காள் நின்றிருந்தால் கதையே இல்லை. பயிற்சி மைதானத்தில் முதல் முழு ஓட்டம். நாலு தன் கோட்டில் குனிந்து நின்றாள். பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது. ஓட ஆரம்பித்தாள்.

"இந்தாடி!"

கை தானாகப் பின்னால் போனது. உள்ளங்கையில் பேட்டன் பளாரென்று வந்து விழுந்தது, பழைய அதே அடி. நாலு பறந்தாள். கோட்டைத் தாண்டியபோது மாஸ்டர் கடிகாரத்தை முத்தமிட்டுக்கொண்டிருந்தார். அஞ்சு வளைவிலேயே நின்று, தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மூச்சிரைக்க நடந்து வந்தாள். "என்னடி, திடீர்னு என்னை 'டி' போட ஆரம்பிச்சுட்டே?"

"நானா? உங்களையா? நாக்கு அழுகிடும்க்கா."

"பின்னே யார் கத்தினது?"

"நான் வாயையே தொறக்கலை. தொறக்கிறதுக்குள்ள என் கையிலேர்ந்து பிடுங்கிட்டாங்க."

"யாரு?"

அஞ்சு நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கே தெரியும். என்னை ஏன் சொல்லச் சொல்றீங்க?"

நாலு அவள் கையைப் பிடித்தாள். ஐஸ் தொட்டியில் ஊறிய கை மாதிரி சில்லென்றிருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தார்கள். மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குக் கடிகாரத்தில் தெரிவது மட்டும்தான் உலகம். "யார் கத்தினா என்ன, யார் கொடுத்தா என்ன? பேட்டன் வந்துச்சா இல்லையா? இந்த நேரத்தைப் பாரு, நம்ம நாட்டுல இதுவரைக்கும் எவளும் ஓடாத நேரம்! கொடுக்கிறவங்க கொடுக்கட்டும், நீ வாங்கு."

மாஸ்டரையும் குறை சொல்ல முடியாது. நாட்டின் நிலைமை அப்படி. மல்யுத்தக்காரர்கள் செருப்பைப் பார்த்த அதே முகத்தோடு போட்டியிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். நீச்சல்காரர் கடைசியாக வந்து சேர்ந்தபோது விளக்கை அணைக்கக் காத்திருந்த ஊழியர் கைகொடுத்துத் தூக்கிவிட்டதாகக் கேள்வி. துப்பாக்கிக்காரர் நடுவட்டத்திலேயே சுட்டார். ஆனால் அது பக்கத்து நாட்டுக்காரரின் பலகை. பதக்கப் பட்டியலில் நாட்டின் பெயரைக் கண்டுபிடிக்கக் கீழேயிருந்து படிக்க வேண்டும். குழுத் தலைவர் கோட்டின் ஒரு பையில் வெற்றி உரையும் இன்னொரு பையில் தோல்வி உரையுமாக வந்திருந்தார். தோல்வி உரை கசங்கிக் கந்தலாகிவிட்டது. வெற்றி உரை இஸ்திரி கலையாமல் இருந்தது. அவர் தினமும் பயிற்சிக்கு வந்து நாலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். "பாப்பா, நீங்க நாலு பேர்தான் பாக்கி."

தகுதிச் சுற்றில் அக்காள் மறுபடி வந்தாள். "இந்தாடி!" பளார். அணி இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. அரங்கம் எழுந்து நின்றது. வளைவு முடியும் இடத்தில், கொடுத்து வாங்குவது சரியாக நடந்ததா என்று பார்ப்பதற்காக ஒரு வயசான நடுவர் நின்றிருந்தார். அவர் எல்லாம் சரி என்கிற வெள்ளைக் கொடியைத் தூக்கினார், பாதியில் இறக்கினார், மறுபடி தூக்கினார். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக மாஸ்டரிடம் வந்தார்.

"உங்க அணியில ஓடுறது நாலு பேர்தானே?"

"நாலே பேர்தான் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொள்ளாமலேயே நடந்து போனார்.

அன்று சாப்பாட்டின்போது அஞ்சின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. ரெண்டு எதையும் பேசாமல் தன் தட்டிலிருந்ததைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டாள். சில்லிப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்திருந்தது. குழு டாக்டர் கையைத் தட்டினார், அமுக்கினார், "வலிக்குதா?" என்றார். "தெரியலை" என்றாள் அஞ்சு. டாக்டர் "நரம்பு" என்று சொல்லி ஒரு களிம்பைக் கொடுத்தார். எது தெரியாவிட்டாலும் நரம்பு என்று சொல்லிவிடுகிற டாக்டர் அவர்.

நாலு வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே சொன்னாள், "அம்மா, அக்கா இங்க இருக்கா."

 அம்மா, "சாப்பிட்டாளா?" என்றாள்.

"அம்மா!"

"கேளுடி. போகும்போது வெறும் வயிறோட போனவ. அங்க குளிருமே, ஏதாவது போர்த்திக்கிட்டிருக்காளா?"

"அம்மா, அவ அந்தப் பொண்ணோட கையை எடுத்துக்கிட்டு இருக்கா. கொஞ்சம் கொஞ்சமா."

"அவ யார் பொருளையும் எடுக்க மாட்டா. உனக்குக் கொடுக்கத்தான் வந்திருப்பா." அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது. "துரத்திடாதேடி. உன்கூடவாவது இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு நாலு துணி துவைக்கும் அறைக்குப் போனாள். வரிசையாக மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அஞ்சு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உலர்த்தும் மெஷினின் சூடான கண்ணாடிக் கதவில் வலது கையைப் பதித்து வைத்திருந்தாள். சூடு ஏறினால் சரியாகுமோ என்று பார்த்தாள் போலும். உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. அவளுக்கு அதுவே தெரியவில்லை.

நாலு பதறிக் கையை இழுத்தாள். "நாளைக்கு நீ ஓட வேண்டாம். மாஸ்டர்கிட்ட நான் சொல்றேன்."

"நான் இல்லாட்டி யார் ஓடுவாங்க? மூணு பேரா ஓட முடியுமா?" அஞ்சு சிரிக்கப் பார்த்தாள். "எத்தனை வருஷம் பெஞ்சில உக்காந்திருந்தேன்க்கா. பெரியக்கா கொடுக்கிறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இங்க வந்து ஒரு தடவைகூட நான் கொடுக்கலை. ஒரே ஒரு தடவை, என் கையால, உங்க கையில. அப்புறம் கை போனாப் போகட்டும்."

"போகாது" என்றாள் நாலு. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

அறைக்கு வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பேசினாள். "அக்கா. நீ எனக்கு எது வேணும்னாலும் கொடு. அவளை விட்டுடு. நாளைக்கு வராதே." பதிலுக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள்.

கையில் ஒரு சீப்பு வந்தது.

பேச்சு பிடிக்காவிட்டால் எதையாவது கையில் திணித்து வாயை அடைப்பது அக்காளின் வழக்கம். நாலு கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். வாரிக்கொண்டே அழுதாள். சீப்பில் அவளுடையதைவிட நீளமான ஒரு முடி சிக்கியிருந்தது.

மறுநாள் மாலை இறுதிச் சுற்று. வெயில் இறங்கி, அரங்கத்தின் ஒரு பாதி நிழலிலும் மறு பாதி வெளிச்சத்திலும் இருந்தது. நாலு நின்ற கோடு நிழலில். தூரத்தில் துப்பாக்கி வெடித்தது. ஒண்ணு சீறிப் புறப்பட்டாள், ரெண்டிடம் கொடுத்தாள். ரெண்டு எதிர்ப்பக்கத்தை வாயை மூடிக்கொண்டு கடந்து அஞ்சிடம் கொடுத்தாள். அஞ்சு அதை இடது கையில் வாங்கியதை நாலு பார்த்தாள். வலது கை அவள் உடம்போடு ஒட்டிக்கொண்டு, யாரோ பிடித்துக் கட்டியது போல ஆடாமல் வந்தது. அப்படியிருந்தும் அந்தப் பெண் வளைவில் ஒருத்தியை முந்தினாள், இன்னொருத்தியை முந்தினாள். நாடு இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ தலைவர் வெற்றி உரையை வெளியே எடுத்துவிட்டார்.

நாலு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். முதுகில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிக் காலடிகள்.

"இந்தாடி!"

கை தவித்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நீண்டு பழகிய கை. நீட்டினால் போதும், வெள்ளியாவது நிச்சயம், அக்காளும் நிச்சயம். அவள் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த ஓட்டத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

அக்காள் இருந்தாள். பழைய ஓட்டச் சட்டையில், நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் மழித்த தலையில் முடி நீளமாக வளர்ந்து காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் பறந்தது. அவள் கை அஞ்சின் இடது கையை நோக்கி நீண்டிருந்தது. தங்கை திரும்பியதைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது.

"அக்கா, போதும்" என்றாள் நாலு. "அது அவ கொடுக்க வேண்டியது. கொஞ்சம் தள்ளிக்கோ."

பேருந்தில் உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கச் சொன்னால் வருமே ஒரு முகம், அந்த முகம் அக்காளுக்கு வந்தது. கோபமில்லை. 'அப்படியா, இது உன் சீட்டா, எனக்குத் தெரியாதே' என்பது மாதிரி. கோட்டுக்கு உள்பக்கமாக, புல்லில் ஒரு அடி எடுத்து வைத்தாள். புல் அழுந்தவில்லை.

"அக்கா, கை!" என்றது இன்னொரு குரல்.

நாலு நீட்டினாள். பேட்டன் தடுமாறி, விரல்களில் இடித்து, வெதுவெதுப்பாக, வேர்வையோடு வந்து சேர்ந்தது. இத்தனை நேரமும் அக்கம்பக்கத்துத் தடக்காரிகள் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேர் அவளைக் கடந்துவிட்டார்கள். நாலு உயிரைக் கொடுத்து ஓடினாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லை. அந்த அகலத்தில்தான் பதக்கம் போயிற்று. நாலு நாலாவதாக வந்தாள்.

நாடு அந்த ஓட்டத்தில் அதுவரை நாலாவதாகக்கூட வந்ததில்லை. இதற்குத் தலைவரிடம் உரை இல்லை. இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியதிலேயே நல்ல உரை அதுதான் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

மாஸ்டர் கடிகாரத்தைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். "ஏன்டி திரும்பினே?" என்றார். திட்டக்கூடத் தெம்பில்லாத குரல். "பச்சைப் புள்ளைகூடத் திரும்பாதே. ஏன்டி திரும்பினே?"

"இவளைப் பார்க்கத்தான் மாஸ்டர்" என்று நாலு பக்கத்தில் நின்றவளைத் தாடையால் காட்டினாள். "மூணு வந்துக்கிட்டிருந்தா."

மாஸ்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தன் வலது உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். "எரியுதுக்கா" என்றாள். "உயிர் போற மாதிரி எரியுது." கண்ணில் நீர் கொட்ட, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. ரெண்டு அப்போதுதான் அந்தப் பயணத்தில் தன் எண்ணும் கூப்பாடும் தவிர வேறு பேச முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "களிம்பைக் கொண்டாங்கடி" என்றாள்.

ஊர் திரும்பும் நாளன்று விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் நாலு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி புறப்படுமுன், யாரும் பார்க்காதபோது, கையை இருக்கைக்குப் பின்னால் நீட்டினாள். எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியே வைத்திருந்தாள். கை வலித்ததும் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். 

மாஸ்டர் படியேறி வந்தார். பழக்கம் விடுமா? "எண்ணுங்க" என்றார்.

"ஒண்ணு."

"ரெண்டு."

ஒரு சின்ன இடைவெளி. மல்யுத்தக்காரர்கள் செருப்பைப் பார்க்கத் தயாரானார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த பெண் நாலைப் பார்த்தாள். நாலு தலையசைத்தாள்.

"மூணு" என்றாள் அந்தப் பெண்.

"நாலு."

பெட்டிகள் அடுக்கியிருந்த கடைசி வரிசையிலிருந்து, ஆள் உட்கார இடமே இல்லாத அந்த மூலையிலிருந்து, பெஞ்சுக்குப் போய்விட்ட ஒருத்தியின் குரலில், கொஞ்சம் சலிப்பாக, கொஞ்சம் கேலியாக ஒரு சத்தம் வந்தது.

"அஞ்சு."

 மாஸ்டர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி, எல்லாரும் வந்தாச்சு" என்றார். "வண்டிய எடுங்க."

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்தக் கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.